புதன்கிழமைக்கான உண்ணி

தென்ஜொகூர் உண்ணித் தற்காப்பு விழிப்புணர்வு மன்றம் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. இந்த மூன்று வருடத்தில் மன்றத்துக்கு ஒரு தலைவர், நான்கு துணைத்தலைவர்கள், ஒரு செயலாளர், ஒரு கொடி, ஒரு மன்றப் பாட்டு, மூன்று நிறத்தில் டி-சட்டை என்று எல்லாம் சேர்ந்துவிட்டது. சேராமல் இருந்தது உண்ணி மட்டும்தான். மன்றத்தில் ஒருவரும் அதை நேரில் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

பாலோ என்ற ஊரில் புல் வெட்டும் ஜெயபாலனுக்கும் இந்த மன்றத்துக்கும் எந்தச் சங்காத்தமும் கிடையாது. இருபத்திரண்டு வருடமாக முதுகில் மெஷினைச் சுமந்துகொண்டு எண்ணெய்ப்பனைத் தோட்டத்து ரோட்டோரம், பள்ளிக்கூடத் திடல், சுடுகாடு என்று வெட்டிக்கொண்டிருக்கிறவர் அவர். உண்ணியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது நாலைந்து விஷயம்தான். அது பறக்காது, குதிக்காது. புல் நுனியில் காலை விரித்துக்கொண்டு யாராவது உரசிப் போவார்களா என்று காத்துக் கிடக்கும். மாடும் காட்டுப்பன்றியும் நடமாடுகிற இடத்தில் அதிகம். அதனால் ஜெயபாலன் முழுக்கைச் சட்டை போட்டு, கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் திணித்துக்கொண்டுதான் புல்லில் கால் வைப்பார். வீட்டுக்கு வந்ததும் துணியைச் சுடுதண்ணீரில் போட்டுவிட்டு, குளிக்கும்போது அக்குள், காது மடல், இடுப்பு, முட்டிக்குப் பின்புறம் எல்லாம் தடவிப் பார்ப்பார். இதற்காக அவர் யாரிடமும் சான்றிதழ் வாங்கியதில்லை.

இப்போது வாங்கச் சொல்லிவிட்டார்கள்.

"ஒண்ணாந் தேதியிலேருந்து உண்ணி சர்டிபிகேட் இல்லாத ஆளுக்கு மெஷின் குடுக்கக் கூடாதாம். மேல சொல்லிட்டாங்க. சனிக்கிழமை கோர்ஸ் இருக்கு, போயிட்டு வந்துரு லா" என்றார் காண்ட்ராக்டர் லெட்சுமணன். ஒண்ணாந் தேதி வியாழக்கிழமை. அன்றைக்குக் கையில் காகிதம் இல்லையென்றால் ஜெயபாலனுக்கு வேலை இல்லை. நாற்பத்தொன்பது வயதில் வேறு வேலை தேடிப் போவது நடக்கிற காரியமா?

கோர்ஸ் நடந்த இடம் பாலோவுக்கு வெளியே, தோட்டத்தை ஒட்டிய சமூக மண்டபம். அதன் பின்னாலிருக்கும் திடலை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டுவதே ஜெயபாலன்தான். ஆறு வாரத்துக்கு முன்னால் மன்றத்திலிருந்து கடிதம் வந்தது: 'நிகழ்ச்சிக்கு இயற்கைச் சூழல் தேவைப்படுவதால் திடலில் புல் வெட்டுவதைத் தவிர்க்கவும்.' ஜெயபாலன் தவிர்த்தார். புல் இடுப்பளவு வளர்ந்தது. தோட்டத்து மாடுகள் வந்து படுத்தன. ராத்திரியில் பன்றிகளும் வந்து போயின. இயற்கைச் சூழல் ஜோராக அமைந்துவிட்டது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஜெயபாலன் வழக்கமான வேலை உடுப்பில் போய் நின்றார். பதிவு மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"அங்கிள், இன்னிக்கு டிரஸ் கோட் மெரூன் டி-சட்டை. அரைக்கை. போய் மாத்திட்டு வாங்க. கால்சட்டையக் காலுறைக்குள்ள விட்டிருக்கீங்களே, அதையும் எடுத்து விட்டுருங்க. போட்டோவுல அசிங்கமா இருக்கும்."

"புல்லுல நிக்கணும்னு சொன்னாங்களேம்மா."

"ஆமா அங்கிள், அதான் எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும்."

டி-சட்டையின் முதுகில் 'உண்ணியை வெல்வோம்' என்று எழுதியிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு எண்பது பேர் திடலின் நடுவே இரண்டு வரிசையாக நிறுத்தப்பட்டார்கள். அரசாங்கத்தில் டத்தோ பட்டம் வாங்கிய தலைவர் வயிரவன் காரிலிருந்து இறங்கி அந்த இரண்டு வரிசைக்கும் இடையில் நடந்து வருவார், அப்போது பூப்போட வேண்டும். டத்தோ ஒன்பது மணிக்கு வருவதாக இருந்தது. ஒன்பதரைக்கு, குளுவாங்கில் ஒரு கடைத்திறப்பில் இருக்கிறார் என்று சொன்னார்கள். பத்துக்கு, கிளம்பிவிட்டார் என்றார்கள். பத்தரைக்கு, கிளம்பப் போகிறார் என்றார்கள். எண்பது பேரும் கையில் பூத்தட்டோடு, அரைக்கைச் சட்டையோடு, இடுப்பளவு புல்லில் நின்றுகொண்டிருந்தார்கள்.

பத்தே முக்காலுக்கு ஜெயபாலனின் இடது முழங்கைக்குச் சற்று மேலே, உள்பக்கமாக, ஏதோ உறுத்தியது. கையைத் திருப்பிப் பார்த்தார். எள்ளளவு. தட்டினால் விழவில்லை. தலையைத் தோலுக்குள் நட்டு வசதியாக உட்கார்ந்திருந்தது.

அவருக்கு உடனே ஞாபகத்துக்கு வந்தது சோமு. கூடப் புல் வெட்டிய ஆள். இரண்டு வருடத்துக்கு முன்னால் சோமுவின் தொடையில் ஒன்று கடித்தது. 'வேலை முடியட்டும், வேலை முடியட்டும்' என்று நாலு நாள் விட்டுவைத்தான். அப்புறம் சிகரெட்டால் சுட்டுப் பார்த்தான், நகத்தால் நசுக்கிப் பார்த்தான். பத்தாவது நாள் காய்ச்சல், உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. டாக்டரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லவே இல்லை. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். இன்றைக்கும் கடைத்தெருவுக்கு நடப்பதற்குள் இரண்டு இடத்தில் உட்காருகிறான். ஜெயபாலனுக்குப் பயம் வந்தது. அதைச் சொல்வதில் வெட்கம் என்ன இருக்கிறது?

வரிசையை விட்டுப் பதிவு மேசைக்கு ஓடினார். மேசைக்குப் பின்னால் இருநூறு பெட்டி அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் 'உண்ணி முதலுதவிப் பெட்டி, ட்வீசருடன்' என்று இருந்தது.

"ஒரு ட்வீசர் குடும்மா. உண்ணி கடிச்சிருச்சு."

"அலமாக்! அங்கிள், பெட்டிய டத்தோ இன்னும் துவக்கி வைக்கல."

"நான் ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கறேன். கழுவித் திருப்பித் தர்றேன்."

"எல்லாத்துக்கும் ரிப்பன் கட்டியாச்சு அங்கிள். பிரிச்சா செயலாளர் என்னைத் திட்டுவாரு."

செயலாளர் திவாகரன் வந்தார். முப்பத்தைந்து வயது, மேல்கோட்டு, கழுத்தில் மூன்று அடையாள அட்டை. ஜெயபாலனின் கையைத் திருப்பிப் பார்த்தவர் முகத்தில், முதல் குழந்தையைப் பார்த்த தகப்பனின் பூரிப்பு.

"அண்ணே! இதுதானா உண்ணி? மூணு வருஷமா மன்றம் நடத்துறேன், இன்னிக்குத்தான் கண்ணால பாக்குறேன். தொடாதீங்க, தொடாதீங்க! டத்தோ வரட்டும். நாங்க பிளாஸ்டிக்குல செஞ்சு வெச்சிருந்தோம். இது ஒரிஜினல்!"

"சார், உடனே எடுக்கணும் சார். நேரமாக நேரமாக ஆபத்து."

"கட்டாயம் எடுக்கணும். நிகழ்ச்சி நிரல்லயே இருக்கு பாருங்க. பதினொரு மணி: டத்தோ உண்ணியை அகற்றித் திட்டத்தைத் துவக்கி வைத்தல். உங்களுக்காகவே எழுதின மாதிரி இல்ல?"

எல்லாரையும் மண்டபத்துக்குள் அழைத்து, ஜெயபாலனை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். உண்ணி சட்டையில் உரசிவிடக் கூடாது என்று கையைத் தூக்கியே வைத்திருக்கச் சொன்னார்கள். டத்தோ வரும்வரை நேரத்தைப் போக்க, தன்னம்பிக்கைப் பேச்சாளர் வசந்தன் மேடையேறினார். போன மாதம் இதே மேடையில் ஞாபகசக்தியைப் பற்றிப் பேசியவர். இந்த மாதம் உண்ணி நிபுணர்.

"உண்ணி ஒரு பிரச்சனையா? இல்லை! உண்ணி ஒரு வாய்ப்பு!" என்று ஆரம்பித்தார். பின்னால் திரையில் பனி மூடிய காட்டில் ஒரு மான் நின்றது. 'பனிக்காலம் முடிந்ததும் கவனமாக இருங்கள்' என்று கீழே எழுதியிருந்தது. பாலோவில் பனிக்காலம் எப்போது முடிந்தது என்று ஜெயபாலன் யோசித்துப் பார்த்தார். எந்தக் குளிர்நாட்டுப் பிரசுரத்திலிருந்தோ மானையும் பனியையும் சேர்த்தே இறக்கியிருக்கிறார்கள். வசந்தன் கண்ணில் ஜெயபாலனின் தூக்கிய கை பட்டது.

"பாருங்க, ஒரு கை! கேள்வி கேக்குறவன்தான் வெற்றியாளன்! கேளுங்க அண்ணே!"

"கேள்வி இல்ல சார். உண்ணி."

"அருமை! தலைப்பை விட்டு விலகாம இருக்காரு! கைதட்டுங்க!"

கைதட்டினார்கள். அடுத்த படம் வந்தது. அதில் இருந்தது சரியான சேதி: 'உண்ணி கடித்தால் உடனடியாக அகற்றவும். நுனி கூர்மையான ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல், நேராக மேலே இழுக்கவும். நெருப்பு, எண்ணெய் வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவவும். காய்ச்சலோ தடிப்போ வந்தால் மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லவும்.' ஜெயபாலன் இன்னொரு கையால் திரையைக் காட்டினார்.

"செயலாளர் சார், உடனடியாகன்னு போட்டிருக்கு."

திவாகரன் குனிந்து காதோடு சொன்னார். "அது பொதுமக்களுக்கு, அண்ணே. நீங்க பங்கேற்பாளர்."

டத்தோ வயிரவன் வந்தபோது மணி பன்னிரண்டே கால். வரிசை மறுபடி புல்லில் நின்று பூப்போட்டது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். மன்றப் பாட்டைப் பாடினார்கள், இரண்டு சரணமும். நான்கு துணைத்தலைவர்களும் டத்தோவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். டத்தோ நான்கு துணைத்தலைவர்களுக்கும் போர்த்தினார். அப்புறம் பேசினார்.

"சகோதர சகோதரிகளே, உண்ணி அபாயம் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். அதனாலதான் நம்ம மன்றம் அறிவியல்பூர்வமா ஒரு வரைபடம் தயாரிச்சிருக்கு." திரையில் ஜொகூர் வந்தது. பாசிர் கூடாங் ரத்தச் சிவப்பில் இருந்தது. தொழிற்சாலையும் துறைமுகமும் லாரியுமாக, புல் முளைக்கவே இடமில்லாத ஊர். "பாசிர் கூடாங்தான் மிக அபாயம். ஏன்? அங்க நமக்கு நூத்தி இருபது உறுப்பினர்! பாலோ மஞ்சள். முப்பது பேர்தான். நீங்க இன்னும் உழைக்கணும். மெர்சிங் வெள்ளை. மெர்சிங் பக்கத்துக் காட்டுல உண்ணி இருக்குன்னு சில விஷமிகள் வதந்தி கிளப்புறாங்க. மெர்சிங் கிளைய நாம கலைச்சு எட்டு மாசம் ஆச்சு. கிளையே இல்லாத ஊர்ல உண்ணி எப்படிய்யா இருக்கும்?"

மண்டபம் அதிர்ந்தது. இந்த அறிவியலுக்குக் கைதட்டாதது ஜெயபாலன் ஒருவர்தான். ஒரு கை மேலே இருந்ததால் அவரால் முடியவில்லை.

பிறகு தங்க இடுக்கியை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். மூன்றடி நீளம், பலகையில் செய்து தங்கக் காகிதம் ஒட்டியது. இரண்டு பேர் தூக்கிவந்தார்கள். டத்தோ அதன் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு ஜெயபாலனின் கையை நெருங்கினார். புகைப்படக்காரர்கள் முண்டியடித்தார்கள். டத்தோ குனிந்து பார்த்தார், சட்டென்று பின்வாங்கினார்.

"உயிரோட இருக்கே இது!"

"ஆமா டத்தோ, ஒரிஜினல்."

"இவ்வளவு சின்னதா இருக்கேய்யா. கேமராவுல விழுமா?"

விழவில்லை. புகைப்படக்காரர் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார், மச்சம் மாதிரி இருந்தது. டத்தோவும் துணைத்தலைவர்களும் திவாகரனும் மேடை ஓரத்தில் தலையோடு தலை வைத்துப் பேசினார்கள். திவாகரன் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்.

"அண்ணே, உங்களுக்கு அதிர்ஷ்டம்! புதன்கிழமை ஜொகூர் பாருல பெரிய மேடை, டிவி எல்லாம் வருது. துவக்க விழாவ அங்க மாத்திட்டோம். நாலே நாளு. அதுக்குள்ள ரத்தம் குடிச்சு நல்லா ஊதிரும், பட்டாணி அளவுக்கு வரும்னு வசந்தன் சார் சொல்றாரு. படத்துல பளிச்சுனு விழும்!"

"சார், அது குடிக்கிறது என் ரத்தம் சார். என் கூட்டாளி ஒருத்தன் இப்படித்தான் நாலு நாள் விட்டு..."

"மன்றம் உங்க தியாகத்த மறக்காது. கையில தண்ணி படாமப் பாத்துக்குங்க. சர்டிபிகேட்ட புதன்கிழமை மேடையிலேயே டத்தோ கையால வாங்கிக்கலாம்."

"புதன்கிழமை வரலன்னா?"

"கோர்ஸ் முடிக்கலன்னு ஆயிரும் அண்ணே."

சாப்பாட்டுக்கு எல்லாரும் எழுந்தபோது ஜெயபாலன் மோட்டார் சைக்கிளை எடுத்தார். கடைத்தெருவில் அவருடைய மனைவி செல்வராணி வைத்திருக்கும் அழகு நிலையத்தின் முன்னால் போய்த்தான் நிறுத்தினார். செல்வராணி ஒரு கல்யாணப் பெண்ணுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கிக்கொண்டே நுழைந்த புருஷனைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"எத்தன மணிக்குக் கடிச்சது?"

"பத்தே முக்கா இருக்கும்."

"இப்ப ரெண்டாகுது! அந்த இடத்துல ட்வீசரே இல்லையா?"

"இருநூறு இருக்கு. ரிப்பன் கட்டி வெச்சிருக்காங்க."

செல்வராணி வாய்க்குள் ஏதோ சொன்னாள். மன்றத்தின் மீதான முதல் நேர்மையான மதிப்புரை அதுதான், இங்கே எழுத முடியாது. புருவ ட்வீசரை ஸ்பிரிட்டில் துடைத்தாள். தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்தாள். பத்து விநாடி. காலோடு தலையோடு முழுசாக வந்துவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவினாள். காலி கிரீம் டப்பாவில் உண்ணியைப் போட்டு மூடி, மேலே தேதி எழுதினாள். அப்படியே அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். அங்கே டாக்டர் டப்பாவைப் பார்த்து, சீக்கிரம் எடுத்தது நல்லது, இரண்டு வாரம் காய்ச்சல் வருகிறதா என்று கவனியுங்கள் என்றார். கல்யாணப் பெண் ஒரு புருவத்தோடு காத்திருந்தாள். அவள் ஒன்றும் குறை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திவாகரன் வீட்டுக்கே வந்தார். "உண்ணி எப்படி இருக்கு அண்ணே?" என்று குசலம் விசாரித்தார். கிரீம் டப்பாவைக் காட்டினார்கள். திவாகரன் நாற்காலியில் சரிந்துவிட்டார்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க! டப்பாவுல இருக்கற உண்ணிய டத்தோ எப்படி அகற்றுவாரு? அழைப்பிதழ் அடிச்சாச்சு. ஏற்பாட்டுக் குழு போட்டாச்சு." கொஞ்ச நேரம் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "ஒரு வழி இருக்கு. நாளைக்குக் காலைல திடலுக்கு வாங்க. ஒரு ரெண்டு மணி நேரம் புல்லுல நில்லுங்க. மெரூன் சட்டை போட்டுக்குங்க. இன்னொண்ணு ஏறிடும். சர்டிபிகேட்ட என் கையாலேயே கொண்டாந்து தர்றேன்."

உண்ணித் தற்காப்பு மன்றத்தின் செயலாளர் ஒரு மனிதனை உண்ணி பிடிக்க அனுப்பினார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்னக் கூச்சமாவது இருந்ததா என்றால், இல்லை. செல்வராணி பக்கத்திலிருந்த துடைப்பத்தைப் பார்த்தாள். ஜெயபாலன் முந்திக்கொண்டு, "வர்றேன் சார்" என்றார்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு வந்தார். முழுக்கைச் சட்டை, காலுறைக்குள் கால்சட்டை, முதுகில் மெஷின். திவாகரன் மேல்கோட்டில்லாமல் மெரூன் டி-சட்டையில், கையில் சான்றிதழோடு மண்டபப் படியில் நின்றார். ஜெயபாலன் கயிற்றை இழுத்தார். மெஷின் உறுமியது. திடலின் ஒரு மூலையிலிருந்து வெட்ட ஆரம்பித்தார்.

"அண்ணே! நிறுத்துங்க! அது மன்றத்தோட இயற்கைச் சூழல்!"

ஜெயபாலன் காதடைப்பான் போட்டிருந்தார்.

திவாகரன் புல்லுக்குள் இறங்கினார். இன்னும் வெட்டாத பக்கமாகப் பார்த்துப் பார்த்துக் கையை விரித்துக்கொண்டு நின்றார். மெஷின் அந்தப் பக்கம் போனால் இவர் இந்தப் பக்கம் ஓடினார். "சர்டிபிகேட் இல்லாம வெட்டக் கூடாது!" என்று கத்தினார். "ஒண்ணாந் தேதியிலேருந்துதான் சார்" என்று ஜெயபாலனும் காதடைப்பானை ஒரு பக்கம் தள்ளிவிட்டுக் கத்தினார். இப்படியே ஒன்றரை மணி நேரம். கடைசியில் பாய் அகலத்துக்குத்தான் புல் மிச்சமிருந்தது, அதன் நடுவில் செயலாளர். ஜெயபாலன் மெஷினை நிறுத்தினார்.

அந்த அமைதியில் திவாகரன் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். முழங்கைக்கு மேலே, உள்பக்கம்.

முதலில் அவர் முகத்தில் வந்தது சந்தோஷம்தான். மன்றம் அவரை அப்படித்தான் வளர்த்திருந்தது. போனை எடுத்து டத்தோவைக் கூப்பிட்டார். "டத்தோ, உண்ணி கிடைச்சிருச்சு! என்னையே கடிச்சிருச்சு!" மறுமுனையில் டத்தோவின் குரல் திடல் முழுக்கக் கேட்டது. "சபாஷ்! செயலாளர்னா இப்படி இருக்கணும்! புதன்கிழமை வரைக்கும் தொடாதே. நல்லா ஊதட்டும்!"

திவாகரன் போனைப் பையில் வைத்தார். கையை மறுபடி பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக முகம் வெளுத்தது.

"அண்ணே, உங்க கூட்டாளி ஒருத்தர்னு சொன்னீங்களே. அவருக்கு என்னாச்சு?"

ஜெயபாலன் சொன்னார். ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"உங்க வைஃப் கடை எத்தன மணிக்குத் தொறப்பாங்க?"

இருபது நிமிடத்தில் திவாகரன் கையைத் தூக்கிக்கொண்டு அழகு நிலையத்தில் நின்றார். ஷட்டரைப் பாதி இறக்கும்படி கேட்டுக்கொண்டார். செல்வராணி ட்வீசரைத் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தாள்.

"என் புருஷன் கையில இருந்தப்ப அது மன்றத்துச் சொத்து. உங்க கையில ஏறினதும் உண்ணி ஆயிருச்சா சார்?"

திவாகரன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவருக்கும் பத்து விநாடிதான் ஆனது. அந்த உண்ணியும் தேதி எழுதிய ஒரு கிரீம் டப்பாவுக்குள் போனது. ஆளுக்குத் தகுந்த மாதிரி இழுக்கச் செல்வராணிக்குத் தெரியாது.

"காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட உண்ணி கடிச்சதுன்னு சொல்லிருங்க. வெக்கப்பட்டுக்கிட்டு மறைக்காதீங்க" என்றாள். அப்புறம் ஒப்பனை மேசையில் சான்றிதழை விரித்து வைத்தாள். பேனா அகப்படவில்லை. புருவப் பென்சிலை நீட்டினாள். செயலாளர் அதிலேயே கையெழுத்துப் போட்டு, பையிலிருந்து மன்றச் சாப்பை, அந்த ரப்பர் முத்திரையை, எடுத்துக் குத்தினார். காண்ட்ராக்டர் லெட்சுமணன் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "சாப்பு இருக்குல்ல, போதும்" என்று கோப்பில் போட்டுக்கொண்டார். வியாழக்கிழமை ஜெயபாலன் வேலைக்குப் போனார்.

புதன்கிழமை ஜொகூர் பாருவில் டத்தோ வயிரவன் தங்க இடுக்கியால் பிளாஸ்டிக் உண்ணியை அகற்றித் திட்டத்தைத் துவக்கி வைத்தார். படம் பளிச்சென்று விழுந்திருந்தது. இருநூறு பெட்டியும் பாசிர் கூடாங் கிளைக்குப் போயின. வருட முடிவில் மன்றத்தின் அறிக்கை வந்தது. திவாகரன் எழுதியது. பாலோ வட்டாரத்துக்கு எதிரே, 'இவ்வாண்டு உண்ணிக் கடி: இல்லை. மன்றத்தின் அயராத உழைப்பே காரணம்' என்று இருந்தது.

அறிக்கையின் ஒரு பிரதி லெட்சுமணன் வழியாக ஜெயபாலனுக்கும் வந்தது. வழவழப்பான கெட்டிக் காகிதம். செல்வராணி அதை நாலாக மடித்து, கடை அலமாரியில் அந்த இரண்டு கிரீம் டப்பாக்களுக்கு அடியில் வைத்திருக்கிறாள். ஒன்றில் சனிக்கிழமைத் தேதி, இன்னொன்றில் திங்கட்கிழமைத் தேதி.